பொய்க்குழி

ஏரிக்கரைப் பட்டறைத் தெருவில் இசோனோவின் வாய்க்கும் பேர் உண்டு, கைக்கும் பேர் உண்டு. அரக்கு பூசிய சின்னச் சின்ன இரும்புத் தகடுகளை, ஒன்றின் பாதியை மற்றது மூடும்படி அடுக்கிப் பட்டுக் கயிற்றால் கோப்பது அவள் தொழில். இறுக்கிவிட்டால் போட்டவன் மரப்பாச்சி. தளர்த்திவிட்டால் ஈட்டி நுழையும். அவள் கோத்தால் ஆள் குனிய, கவசமும் கூடவே குனியும். "தைரியம் வேணும்னா கோயிலுக்குப் போங்கய்யா, இங்க கவசம்தான் கிடைக்கும்" என்று சாமுராய்களிடமே சொல்லிவிடுவாள். அந்த வாயை ஊர் பொறுத்துக்கொண்டது அந்தக் கைக்காகத்தான்.

மார்புத்தகடு அடிப்பவர் அவள் அண்ணன் யாஹெய். துப்பாக்கி வந்த பிறகு அங்கே ஒரு வழக்கம். அடித்து முடித்த தகட்டைச் சுட்டுப் பார்ப்பார்கள். துளைக்காமல் குழி மட்டும் விழுந்தால், அதைத் தட்டி எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். வாங்குகிறவன் முதலில் தேடுவது அந்தக் குழியைத்தான்.

அந்த வசந்தத்தில் அவள் கணவன் கிசுகே, பிரபுவின் துப்பாக்கிப் படையோடு போருக்குக் கிளம்ப வேண்டும். தங்கை மாப்பிள்ளைக்கு யாஹெயே தகடு அடித்துக் கொடுத்தார். அதில் இடுப்புக்குக் கீழே தொங்கும் தகடுகளைக் கோக்க உட்கார்ந்தவள், குழியின் மேல் விரலை ஓட்டினாள். குண்டு போட்ட குழி கிண்ணம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். இதில் ஓரமாக ஒரு விளிம்பு தட்டியது. சுத்தியலின் விளிம்பு.

தகட்டைத் தூக்கிக்கொண்டு நேராக உலைக்குப் போனாள்.

"அண்ணே, இத யாரு சுட்டா?"

"சுட்டாச்சு. போய்க் கயித்த இழு."

"போட்டுக்கப்போறது என் புருஷன். யாரு சுட்டா?"

யாஹெய் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன குளிர்லேர்ந்து கை நடுங்குதும்மா. அடி சரியா விழுதான்னு எனக்கே தெரியல. மாப்பிள்ளைக்கு அடிச்ச தகடே ஓட்டையாச்சுன்னு ஊரு சிரிச்சா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க உக்காருவேன்?"

"ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அவர் திரும்பி வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கிசுகேவையே கூப்பிட்டாள். தகட்டை வைக்கோல் கட்டின்மேல் சாய்த்து வைத்து, அவன் தன் துப்பாக்கியின் திரியைப் பற்றவைத்துச் சுட்டான். யாஹெய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகை விலகும் முன்னே ஓடிய இசோனோ, பின்பக்கம் கையை விட்டுத் தடவினாள். ஓட்டை இல்லை. லேசான புடைப்பு, அவ்வளவுதான். நடுங்குகிற கை அடித்த இரும்பு அது. அவளுக்கு அழுகை வந்தது, அவள் அதை மறைக்கவில்லை.

பொய்க்குழியைத் தட்டிச் சமமாக்க யாஹெய் சுத்தியலை எடுத்தார்.

"விடுங்க மச்சான், திரும்ப அடிச்சா இரும்பு மெலிஞ்சிடும்" என்றான் கிசுகே. "ரெண்டு குண்டு தாங்குச்சுன்னு படையில சொல்லிக்கிறேன்."

"ஒண்ணுன்னே சொல்லுங்க" என்றாள் இசோனோ. "எங்கண்ணனுக்கு அது போதும்."