நான் போட்ட தரையில் நடந்த விசாரணை

என் கையால் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்பாயில் என் வீடு, அதன் கிணற்றுக்கட்டு, கொழும்புத்துறையில் இரண்டு மாடிவீடுகள், மயிலிட்டிக்குச் சனம் திரும்பிப் போனபோது அங்கே எத்தனையோ சுவர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிடவில்லை, பிற்காலத்தில் அதற்கு மதில் கட்டிக் கொடுத்தேன். சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய், சாந்து பூசுகிற சாந்தகப்பை ஒன்றுதான் கையில் மிஞ்சியது. அதோடு திரும்பவும் தொடங்கி இந்த நிலைக்கு வந்தவன் நான்.

எல்லாவற்றிலும் பெரியது எங்கள் ஊர் முதியோர் இல்லம். வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். கட்டியது நான். மண்டபத்துக்கு மாபிள் பதிக்கச் சொல்லித்தான் எல்லோரும் நின்றார்கள். நான் ஒற்றை ஆளாகச் சண்டை பிடித்து, சிவப்புச் சீமெந்துத் தரை போட்டேன். தண்ணீர் கட்டி நிறுத்தி, ஆற விட்டு, மினுக்கி எடுத்த தரை. கொதிக்கிற வெயிலிலும் உள்ளங்காலை வைத்தால் கிணற்றடியில் நிற்பது போல இருக்கும். போன சித்திரையில் அந்தத் தரையில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இல்லத்தின் பொறுப்பாளர் கொழும்புத்துறையைச் சேர்ந்த ஒரு பெண். அதிகம் பேசமாட்டார். பெற்றோரைப் பிள்ளைகள் தங்கள் போனில் பார்க்கட்டும் என்று மண்டபத்தில் ஒரு கமரா பூட்டியிருந்தோம். லண்டனில் இருக்கும் ஒரு மகளிடமிருந்து முறைப்பாடு வந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பொறுப்பாளர் அந்தக் கமராவின்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடுகிறாராம். கொஞ்ச நேரம் கழித்து எடுக்கிறாராம். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது?

நிர்வாகசபையில் நானும் ஓர் ஆள். அடிக்கிறாரோ என்றார் ஒருவர். சாப்பாட்டைக் கடத்துகிறாரோ என்றார் இன்னொருவர். பொறுப்பாளருக்கு முன்பே ஒரு எச்சரிக்கை இருந்தது. இதே மகள், தன் தாய் வெறுந்தரையில் கிடப்பதைக் கமராவில் கண்டு, "எங்கடை அம்மாவை நிலத்திலை போட்டிருக்கினம்" என்று அழுது முறையிட்டதால் வந்த எச்சரிக்கை அது. அதற்குப் பிறகு ஒருவரும் தரையில் படுக்கக்கூடாது என்று சபை சொல்லிவிட்டது. இரண்டாவது குற்றமும் உறுதியானால் வேலை போகும். அப்படிப் போனவரை வேறு எந்த இல்லமும் எடுக்காது.

எனக்கு ஒரு விஷயம் விளங்காவிட்டால் சோறு இறங்காது. நேரே போய்க் கேட்டேன்.

"பிள்ளை, அந்தத் துவாய்க்குப் பின்னாலை என்ன செய்யிறாய்?"

"அதைக் கேக்காதேங்கோ ஐயா. சொல்லமாட்டன் எண்டு உள்ளை இருக்கிறவைக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"வேலை போகப்போகுது, தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

அதோடு எழுந்து சோற்றுப்பானையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு ஆவல் இன்னும் கூடிவிட்டது. தன் வேலையைவிடப் பெரிதாக ஒருத்தி ஒளித்து வைத்திருப்பது என்னவாக இருக்கும்?

அடுத்த நாள் மத்தியானம், தண்ணீர் மோட்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மண்டபத்துக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் கட்டியவனுக்குத் தெரியாத வழி உண்டா? காற்றுக்காகப் பின்சுவரில் நான் வைத்த மரக் கிறாதியின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன்.

இல்லத்தில் இருந்த முதியவர்கள் எல்லோரும் தரையில் கிடந்தார்கள். கதிரைகள் எல்லாம் வெறுமை. ஒருவர் குப்புற, ஒருவர் கையை விரித்தபடி. மருந்தைக் கொடுத்து மயக்கிப்போட்டாள் என்றுதான் நினைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு, "ஐயோ, என்ன செய்தனி?" என்று கத்தியபடி உள்ளே ஓடினேன்.

பொறுப்பாளரும் அவரின் உதவியாளரும் சுவரோடு சாய்ந்து தரையில்தான் இருந்தார்கள். பொறுப்பாளர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். அதற்குள் என் காலடியில் கிடந்த ஒரு கிழவி கண்ணைத் திறக்காமலே கேட்டா.

"ஆரது செருப்போடை வாறது? தரை ஊத்தையாகுது. கழட்டு."

நான் போட்ட தரையில் என்னையே செருப்பைக் கழற்றச் சொன்ன ஆள் அவ ஒருத்திதான். கழற்றினேன். அவதான் லண்டன் மகளின் தாய். மயிலிட்டியில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவ, வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

"மகள் நல்ல கட்டில், மெத்தை எல்லாம் வாங்கித் தந்திருக்கிறாவே அம்மா?" என்று பக்கத்தில் குந்திக் கேட்டேன்.

"கட்டில் மகள் பாக்கிறதுக்கு, தம்பி. தரை நான் படுக்கிறதுக்கு. இந்த வெக்கைக்கு மெத்தை அடுப்பு மாதிரி." கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு தொடர்ந்தா. "பிள்ளையள் பாக்கினம் எண்டு விடியத் துவங்கி நிமிர்ந்து இருக்கிறம். சீலை சரியோ, முகம் வாடியிருக்கோ எண்டு ஒரே யோசினை. கொட்டாவி விட்டாலும் போன் வருது, அம்மாவுக்கு என்ன வருத்தம் எண்டு. அதுதான் இவவைக் கெஞ்சி இந்தக் கொஞ்ச நேரத்தை வாங்கினனாங்கள். நீ போய் வாய் திறக்காதை. என்ரை பிள்ளை அழுவாள்."

வாய் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

விசாரணை அதே மண்டபத்தில், கதிரைகளில் இருந்த முதியவர்களுக்கும் சபைக்காரருக்கும் முன்னால் நடந்தது. அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி கண்டிப்பான அம்மா. மேசையில் ஒரு போன், அதில் லண்டன் மகள். கமரா வேறு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை விதமாகக் கேட்டும் பொறுப்பாளர், "மூடினது உண்மை, பிழை என்ரை" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களிலை ஆருக்காவது ஏதும் தெரியுமோ?"

நான் எழுந்தேன். "தெரியும். ஆனா வாய் திறக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"உட்காருங்கோ அண்ணை, உங்கடை பகிடியை விட்டிட்டு," என்றார் எங்கள் சபைத் தலைவர்.

நான் உட்காரவில்லை. தோளில் கிடந்த சால்வையை மடித்தேன், கமராவுக்கு நேர் கீழே போனேன், சால்வையைத் தலைக்கு வைத்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். வேட்டி மடிப்பெல்லாம் போயிற்று.

"ஐயாவுக்கு மயக்கமோ? தண்ணி கொண்டு வாங்கோ!" என்று அதிகாரி எழும்பிவிட்டார்.

அப்போது பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது. மயிலிட்டி அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து என் தலைமாட்டில் நின்றா.

"தள்ளிப்படு தம்பி. உது என்ரை இடம்."

தள்ளினேன். பொறுப்பாளர் ஓடிவந்து தாங்கிப் பிடிக்க, அவ மெதுவாகச் சரிந்து படுத்தா. பிறகு கமராவை நிமிர்ந்து பார்த்தா.

"பிள்ளை, பாக்கிறியோ? நான் விழேல்லை. என்னை ஒருத்தரும் போடவுமில்லை. நானாத்தான் படுத்திருக்கிறன்."

போனிலிருந்து அந்த மகள் கேட்டார், "குளிராதோ அம்மா?"

"குளிரோணும் எண்டுதானே படுக்கிறன், விசரி!"

மகள் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்த ஒரு சத்தம் வந்தது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் கதிரையை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

"எழும்பேக்கை விழுந்தால்?" என்று அதிகாரி கேட்டார். பிடிக்கத் தானும் உதவியாளரும் பக்கத்திலேயே இருப்பதாகப் பொறுப்பாளர் சொன்னார். அப்படியென்றால் வேலையிலிருந்து நிறுத்தத் தேவையில்லை, ஆனால் துவாய் போட்டதற்கு எச்சரிக்கை உண்டு என்றார் அதிகாரி. நான் விடுவேனா? நல்லது செய்தவளுக்கு ஏன் எச்சரிக்கை என்று கேட்டேன்.

"இவ நல்லவ, ஐயா. நாளைக்கு இவவின்ரை வேலைக்கு ஒரு கூடாதவர் வந்து இதே துவாயைப் போட்டால் என்ன செய்வியள்?"

அதற்கான பதிலை நான் இன்றுவரை தேடுகிறேன். பொறுப்பாளர் அந்த எச்சரிக்கையைத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

இப்போது கமரா மூடப்படுவதில்லை. தரையில் படுக்கக்கூடாது என்ற சட்டத்தையும் எடுத்துவிட்டோம். தாய் வாயைத் திறந்து குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டுத்தான் தான் வேலைக்கு வெளிக்கிடுவதாக லண்டன் மகள் சொன்னாராம். அங்கே அப்போது காலை. அன்பாகப் பார்க்கிற கண்ணும் ஒருவருக்குப் பாரமாக இருக்கலாம் என்பது இத்தனை வீடு கட்டிய எனக்கு அன்றுதான் விளங்கியது. இன்று வெளிநாட்டிலிருந்து என் பிள்ளைகள் வீடியோவில் அழைத்தால், வெறும் மேலோடு இருந்தாலும் நான் சட்டையைத் தேடி ஓடுவதில்லை.

ஒரு குறைதான். விசாரணை அறிக்கையைச் சபையில் வாசித்தார்கள். "தரை குளிர்ச்சியாக இருந்தமையால் முதியோர் அதில் படுப்பதை விரும்பினர்" என்று அதில் இருந்தது. தரை தானாகக் குளிராது. இல்லத்து வாசலில் உதவியவர்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று நிற்கிறது. கடைசிப் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமுண்டு. அந்தக் கல்லை நட்டவனும் நான்தான், எனக்குத் தெரியும். தரை போட்டவன் பெயர் அதில் வரவேண்டும்.