அமைச்சரின் பெயரில் ஏறிய செம்பு

சுனாமி கொண்டுபோனவர்களுக்கு எங்கள் பாடசாலையில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதில் பதிக்கும் பித்தளைத் தகட்டில் அமைச்சரின் பெயர் உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்து நின்றது. செத்தவர்களின் பெயர்கள் கீழே, எறும்பளவு எழுத்தில், குழியாக வெட்டப்பட்டிருந்தன. கடைசிப் பெயர் என் தங்கச்சியுடையது. அவளுடைய உடம்பு கிடைக்கவேயில்லை. அம்மாவுக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

தகட்டுக்குச் செம்பு முலாம் பூச வேண்டுமாம். இரசாயனம் படிப்பிக்கிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. மயில்துத்தக் கரைசலில் தகட்டைத் தொங்கவிட்டு, கார் பற்றறியைப் பூட்டி, மின்னோட்டம் மட்டாகப் போக இடையில் ஒரு பல்ப்பும் போட்டேன். மெதுவாக விட்டால் செம்புப் பளிங்குகள் பொடிப்பொடியாக, நெருக்கமாகப் படிந்து கெட்டியாய்ப் பிடிக்கும். அவசரப்படுத்தினால் பருத்து, கிளைவிட்டு, பற்றைக்காடாய் எழும்பும். பிடிப்பே இராது.

பாடசாலை அதிபர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சேர், இன்னும் முடியல்லியா? நாளைக்கு மந்திரி வாறார். பேர் மினுங்க வேணும்!"

"அவசரப்பட்டா உதிர்ந்திரும் சேர்."

"உங்கட விஞ்ஞானத்தை மறுகா பாப்பம். அந்தப் பல்ப்பைக் கழட்டுங்க!"

கழற்றிவிட்டு வயரை நேரே பூட்டினேன். மின்னோட்டம் புடைத்து நிற்கும் இடத்தைத் தேடித்தான் ஓடும், நிவாரணத் தகரம் பெரிய வீடுகளைத் தேடி ஓடியது போல. அமைச்சரின் பெயரில் செம்பு மளமளவென்று ஏறிக் கருஞ்சிவப்பாய்த் தடித்தது. குழிக்குள் கிடந்தவர்களுக்கு மெல்லிய பூச்சுதான். செத்த பிறகும் வரிசையில் கடைசியா, என் தங்கச்சி?

அதிபருக்கோ வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, எழுத்து எப்படிக் கொழுத்திருக்கு!"

மறுநாள் அமைச்சர் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வந்தார். செத்தவர்களைப் பற்றி ஒரு வசனம். மிச்சமெல்லாம் வரப்போகும் தேர்தலைப் பற்றி. பிறகு கமராவைப் பார்த்தபடி, கண்ணைத் துடைத்த வெள்ளை லேஞ்சியால் தன் பெயரை அழுத்தித் துடைத்தார். செம்பு பொலபொலவென்று லேஞ்சியோடு வந்துவிட்டது. அடியில் பித்தளை பல்லை இளித்தது. அதிபர் என்னை முறைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வாகனங்கள் போய் முடிந்ததும் அம்மா தூணடிக்கு வந்தார். தங்கச்சியின் பெயரைச் சேலைத் தலைப்பால் தேய் தேயென்று தேய்த்தார். செம்பு அசையவில்லை. அவசரம் எட்டாத குழிக்குள் அது மெல்ல மெல்லத்தான் படிந்திருந்தது.

"மகன், இவள் இனிப் போகமாட்டாள்தானே?"

"மாட்டாள் அம்மா," என்றேன்.