பாட்டிலை மூடும்வரை

திருவிடந்தை அருகே ஓர் ஆய்வகத்தில், லில்லிக் கிழங்கின் செதில்களை நறுக்கிப் பாட்டிலில் வளர்ப்பது என் வேலை. பாட்டில் திறந்திருக்கும்போது பேசக்கூடாது. மூச்சுக்காற்று பட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகிவிடும்.

அன்று கையில் தடவிய ஸ்பிரிட் காய்வதற்குள், கிருமி போகக் கத்தியைச் சுடரில் காட்டிவிட்டேன். வலக்கை விரல்களில் நீலமாகத் தீ ஏறியது. ஆனாலும் கத்தவில்லை, திறந்திருந்த பாட்டிலின் மூடியை இடக்கையால் தேடினேன்.

பக்கத்து மேசைப் பெண் ஓடிவந்து துணியால் அமுக்கித் தீயை அணைத்தாள்.

“இன்னாக்கா, கை எரிஞ்சிகினு கீது, கத்த மாட்டியா?”

பாட்டிலை மூடிவிட்டுத்தான் பதில் சொன்னேன். “தொறந்து கெடந்துச்சிடி.”

“நல்லா கீது! நீ வெந்தாலும் பரவால்ல, லில்லி பொழைக்கணுமா?”

புண் ஆறும்வரை தினமும் பயந்துகொண்டே அந்தப் பாட்டிலைப் பார்த்தேன். பூஞ்சை வரவில்லை, பச்சை முளைதான் வந்தது. இப்போதெல்லாம் கையில் ஸ்பிரிட் காய்ந்ததா என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான் சுடரருகே போகிறேன்.