நம்ம வீடு, எழுபது ஜி.பி.

அந்தப் பக்கத்தில் யாருக்காவது வீடு கட்டும் எண்ணம் வந்தால், அவர்கள் முதலில் ஏறுவது பிளான் சாரின் மாடிப்படியில்தான். இருபத்தாறு வருஷமாக வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கிற மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அது மின்கட்டண ரசீதில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அதட்டிப் பேசத் தெரியாது. முடியாது என்று சொல்லவும் தெரியாது. அம்மாவுக்குப் பெரிய அறை வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டுப் படியிறங்குவார். அவ்வளவு பெரிது எதற்கு என்று மருமகள் பின்தங்கி நின்று சொல்வார். இவர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு இரண்டு பிளானும் போட்டு வைப்பார்.

அப்படித் தலையாட்டித் தலையாட்டியே கம்ப்யூட்டர் நிரம்பிப் போனது. அவர் வைத்திருந்த பெயர்களை நீங்கள் பார்க்க வேண்டும். ‘கடைசி’ என்று ஒன்று. அடுத்தது ‘கடைசிக்கு அப்புறம்’. பிறகு ‘இதுதான் கடைசி’, ‘சத்தியமா கடைசி’, ‘அவங்க அண்ணன் பார்த்த பிறகு கடைசி’. ஒன்றையும் அழிக்க மாட்டார். எட்டு மாதம் கழித்து அதே குடும்பம் வந்து உட்கார்ந்து, முதலில் போட்ட பிளானே நன்றாக இருந்தது என்று சொன்னால் என்ன செய்வது? சொல்லியும் இருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலையெல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு நகல் எடுக்கப் போனார். இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. விரித்ததோடு சும்மா இருக்கவில்லை, உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வேறு. பிளான் சார் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கிற மெக்கானிக் அம்மாவிடம் ஓடினார்.

மெக்கானிக் அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிற ஆள். ஆனால் மெஷின் விஷயத்தில் தேடல் கிடையாது, வந்தால் நேராக நோய்க்குப் போவார். பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். டிஸ்க் போகப் போகிறது, சாயங்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்றார். இதே அளவில் புது டிஸ்க் வரவழைக்க மூன்று நாள் ஆகும். கடையில் இருப்பது இதில் பாதி அளவுதான். பொறுக்கிப் பொறுக்கி எடுக்க நேரமில்லை, ஒரே மூச்சில் அப்படியே நகல் எடுத்துவிட வேண்டும், அதனால் ஆயிரம் ஜி.பி.யை ஐந்நூறுக்குள் அடக்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதுவரை நகலே எடுத்ததில்லையா என்று அவர் கேட்டபோது பிளான் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. எடுக்காமல் என்ன, இரண்டு தடவை எடுத்திருக்கிறேன் என்று ‘பத்திரம்’ என்ற ஃபோல்டரைத் திறந்து காட்டினார். முதல் தடவை, இருந்த வேலையையெல்லாம் நகல் எடுத்து அதே டிஸ்க்கில் பத்திரம் என்று போட்டார். மூன்று வருஷம் கழித்து, அந்தப் பத்திரத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் நகல் எடுத்து இன்னொரு பத்திரம் போட்டார். பத்திரத்துக்குள் பத்திரம் குட்டி போட்டிருந்தது. இன்று காலை அவர் செய்யப் போனது மூன்றாவது.

மெக்கானிக் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சார், வீட்டுல திருட்டு போயிடக் கூடாதுன்னு நகைய எடுத்து அதே வீட்டுல அடுத்த ரூம்ல வெச்சிருக்கீங்க. வீடே போனா?” என்றார். பிளான் சார் அசடு வழிந்தார்.

பத்திரம் இரண்டும் போயின. போன பிறகும் இடம் ஒரு துளி கூடவில்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் காலி பண்ண மாட்டேன், எப்போதாவது தேவைப்படும் என்று மனிதர் ஆரம்பித்தார். மெக்கானிக் அம்மா மறுபேச்சு பேசாமல் மௌஸைப் பிடுங்கிக் காலி பண்ணினார். நானூறு ஜி.பி. கிடைத்தது. மீதி நூறு உங்கள் பாடு, ஒரு மணிக்கு வந்து பார்க்கிறேன் என்று கடைக்கு இறங்கிவிட்டார்.

அன்று காலை அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சத்தியமா கடைசியை வைத்துக்கொண்டு வெறும் கடைசியை அழித்தார். கட்டிக் குடியேறி, பிள்ளைகள் சுவரில் கிறுக்கியும் முடித்துவிட்ட வீடுகளின் வீடியோவை அழித்தார். வீடு கட்டும் முன்பே அதற்குள் நடந்து போவதுபோல் ஒரு வீடியோ செய்து கொடுப்பது அவருடைய தொழிலில் ஒரு பகுதி; இடத்தை அடைப்பதும் அதுதான். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். இந்த லட்சணத்தில் ஒரு மணிக்குள் ஐம்பது ஜி.பி.தான் தேறியது.

மெக்கானிக் அம்மா சொன்னபடி வந்தார். பட்டியலைப் பெரியது முதல் சின்னது வரை வரிசைப்படுத்தச் சொன்னார். தலைமேல் வந்து நின்றது ஒரு ஃபோல்டர், எழுபது ஜி.பி. பெயர்: ‘நம்ம வீடு’.

“இது யாரோடது சார்? கட்டியாச்சா?”

“இல்ல.”

“எத்தன வருஷமா நடக்குது?”

“இருபத்திமூணு.”

“அந்தப் பார்ட்டி இனிமேலா கட்டப் போறாங்க? தூக்குங்க சார். இது ஒண்ணு போனா போதும், நாம கரை சேந்துடலாம்.”

பிளான் சார் மென்று விழுங்கினார். ரொம்பப் பழகினவர்கள், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சரி, நாலு மணி, அதற்குமேல் டிஸ்க் காத்திருக்காது என்று கெடு வைத்துவிட்டு மெக்கானிக் அம்மா போனார்.

அந்தப் பார்ட்டி வேறு யாருமில்லை. அவரும் அவர் மனைவியும்தான். ஊருக்கெல்லாம் வீடு வரைந்தவர் இருப்பது மூன்றாவது வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு நீளக் கூடம், அதுவே ஆபீஸ், கட்டிலுக்கு அடியில் சுருள் சுருளாகப் பிளான் தாள். கல்யாணமான வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா விளையாட்டாக, நமக்கு ஒன்று போடுங்களேன் என்று மனைவி கேட்டாள். போட்டார். அன்றிலிருந்து அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டின வீடுகள் ஆயிரம் போகட்டும், அவற்றுக்குச் செங்கல் இருக்கிறது. இந்த ஒரு வீட்டுக்கு டிஸ்க்கைத் தவிர வேறு மனை கிடையாது. இது போய்விட்டால் அவரிடம் வீடே இல்லை. உட்கார்ந்த இடத்தில் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

வீட்டிலிருந்த பென்டிரைவ் மூன்றையும் தேடி எடுத்தார். மூன்றையும் சேர்த்தாலும் நம்ம வீட்டின் மாடிப்படி வரைக்கும்தான் ஏறும்.

இரண்டரைக்கு மனைவி வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் பயந்த முகங்களைப் பார்த்துப் பழகியவள். செருப்பைக் கழற்றும்போதே, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டாள். இவர் காலையிலிருந்து நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார். அவள் கைகால் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கோடு போட்ட வரைபடம் இத்துனூண்டுதான், அது இருக்கும், வீடியோக்கள்தான் கனம் என்பதை அவர் விளக்கினார். அப்படியானால் எல்லா வீடியோவையும் ஒரு தடவை பார்ப்போம், எது வேண்டாமோ அதை அழிப்போம் என்று முடிவானது. மொத்தம் பதினொன்று.

இதுநாள் வரை ஒவ்வொன்றையும் அது பிறந்த வருஷத்தில் பார்த்ததோடு சரி. அடுத்தடுத்துப் பார்த்ததே இல்லை.

முதல் வீட்டில் ஒரே அறை, அதைவிடப் பெரிய சமையலறை. அப்போது அவளுக்குச் சமையலில் அவ்வளவு ஆசை, அப்புறம் போன இடம் தெரியவில்லை. வீடுகளுக்குள் அங்கங்கே மனித உருவங்களை வைப்பது அவர் வழக்கம். ஜன்னலோரம் அவள் நிற்பாள். மூன்றாவது வீட்டில் மகள் பிறந்துவிட்டாள், ஒரு தொட்டில் வந்தது. ஐந்தாவதில் கீழ்த்தளத்தில் அவருடைய அப்பாவுக்கு ஒரு அறை, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, அப்பா சாய்வு நாற்காலியில். ஆறாவதில் அவளுடைய தம்பி. ஒரு வாரம் தங்குகிறேன் என்று வந்து நாலு வருஷம் தங்கிய புண்ணியவான். மாப்பிள்ளை மாதிரி மாடியில் பால்கனியோடு அறை, கையில் பேப்பர். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதை அழிப்போம் என்றாள் அவள். அதில்தான் மகளுக்குப் பல் விழுந்த முகம் இருக்கிறது என்றார் அவர். சரி, அது இருக்கட்டும். எட்டாவதில் அப்பா நாற்காலி இல்லை. அவளே கை நீட்டி அடுத்ததை ஓட்டினாள். பத்தாவதில் மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் அறை மட்டும் அப்படியே இருந்தது, வந்தால் தங்க.

பதினொன்றும் முடிந்தது, ஒன்றையும் அழிக்க மனசு வரவில்லை. மணி மூன்றே முக்கால். டக், டக் என்று டிஸ்க் அவசரப்படுத்தியது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி மட்டும் பேசாமல் நாலாவதை மறுபடி ஓட்டினாள். அப்புறம் ஏழாவதை. அப்புறம் கடைசியை.

“ஏங்க, இதுல நீங்க எங்க?”

“நான்தானே நடந்து போறேன். பாக்கறதே நான்தான்.”

“அது சரி. வாசல் வழியா வர்றீங்க. எல்லாரையும் பாக்கறீங்க. பின்வாசல் வழியா போயிடறீங்க. பதினொரு வீட்டுல ஒரு வீட்டுலயாவது உக்காந்தீங்களா?”

அவர் மௌஸை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். தம்பிக்குப் பால்கனி இருந்தது. விருந்தாளிக்கு அறை இருந்தது. செருப்புக்குக்கூட அலமாரி இருந்தது. தனக்கு ஒரு நாற்காலி இல்லை. யாரும் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கே தோன்றவில்லை, அவ்வளவுதான். மனைவிக்குக் கோபமும் துக்கமும் ஒன்றாக வந்தது. இருபத்திமூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டவள் தான்தானே என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

“எல்லா வீடியோவையும் அழிச்சிடுங்க” என்றாள். “கோடு போட்டது இருக்கட்டும். நீங்க உக்காராத வீடு நமக்கு எதுக்கு?”

வாழ்நாளில் ஒரு ஃபைலை முழு மனதோடு அழித்தறியாதவர், பதினொன்றையும் சேர்த்துப் பிடித்து அழித்தார். குப்பைத்தொட்டியையும் தானே காலி செய்தார். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. நானூற்று எண்பது என்று காட்டியது.

நாலு மணிக்கு வந்த மெக்கானிக் அம்மா அதைப் பார்த்துவிட்டு, பார்ட்டி ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டார். அவர்களே அழிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார் பிளான் சார். எந்தப் பார்ட்டி என்று மனைவி முழிக்க, இவர் அவசர அவசரமாக, அந்த அம்மா கொண்டுவந்து வைத்த புது டிஸ்க்கை எடுத்து நீட்டினார். நகல் ஓட ஆரம்பித்தது. முடியும் வரை ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது என்று எச்சரித்துவிட்டு மெக்கானிக் அம்மா போனார்.

தொடத்தானே கூடாது. மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளான் தாளை உருவிப் பின்பக்கம் திருப்பி விரித்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டாள். உங்கள் அறைக்கு என்னென்ன வேண்டும், சொல்லுங்கள் என்றாள்.

ஆயிரம் பேரிடம் அவர் கேட்ட கேள்வி. அவரிடம் யாரும் கேட்டதில்லை. எப்படி இருந்தாலும் சரி என்றார். அப்படிச் சொல்கிற பார்ட்டிக்கு நீங்கள் பிளான் போடுவீர்களா என்று அவள் மடக்கினாள். சமையலறை தெரிகிற பக்கம் இருந்தால் உனக்கு ஒத்தாசை என்று ஆரம்பித்தார். எழுதிய கையோடு கோடு கிழித்து அடித்தாள். நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை வந்தால் விளையாட என்று இழுத்தார். அதையும் அடித்தாள்.

“உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன்.”

திரையில் நகல் பாதி தாண்டியிருந்தது. பிளான் சார், திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவர்போல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“பத்துக்குப் பன்னண்டு. தெருவப் பாத்த மாதிரி ஒரு ஜன்னல். அப்புறம்... ஒரு கதவு.”

“கதவு எதுக்கு?”

“மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கணும். யாராவது பிளான் கேட்டு வந்தாக்கூட.”

அவள் எழுதிக்கொண்டாள். உள்பக்கம் தாழ்ப்பாள் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.