கணவர் இருமினார், மருந்து மனைவிக்கு

போன புதன்கிழமை காலை. உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து போர்ஷன் ரஹீமா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, பாப்பா எழுந்திரிக்க மாட்டேங்குது. வாயில வெச்சாலும் பால் குடிக்க மாட்டேங்குது.”

இரண்டு மாதக் குழந்தை. பசித்தால் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கிற மாதிரி அழும். அன்றைக்கு உள்ளங்காலைச் சுண்டினேன்... கண்ணைத் திறக்கப் பார்த்தது, முடியாமல் மூடிக்கொண்டது. அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

அவள் கணவர் அன்வர் அப்போதுதான் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார், யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. மூவரும் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம்.

டாக்டரம்மா குழந்தையின் மூச்சை வெகுநேரம் கவனித்தார். பிறகு நிமிர்ந்து ரஹீமாவைத்தான் பார்த்தார். மூக்கு சிவந்து, குரல் கட்டி நின்றாள் அவள். நாலைந்து நாளாகச் சளி. ஓசூர்ப் பனிக்குக் கேட்கவா வேண்டும்?

“நீ என்னம்மா மருந்து சாப்பிடறே?”

“கம்பெனி மாத்திரை மேடம். அப்புறம் ஒரு இருமல் சிரப்.”

எந்தக் கம்பெனி டாக்டர் உன்னைப் பார்த்தார் என்று கேட்டார். ரஹீமா கணவரைப் பார்த்தாள். அன்வர் தரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஃபேக்டரி டிஸ்பென்சரியில் தொழிலாளிக்கு மட்டும்தான் மருந்து, குடும்பத்துக்குக் கிடையாது. மனைவியை வெளியே கூட்டிப்போக லீவு எடுக்க வேண்டும். எனவே அன்வர் தானே வரிசையில் போய் நின்று இருமியிருக்கிறார். நன்றாகவே இருமியிருக்கிறார் போல... மாத்திரை, சிரப் இரண்டும் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் - ‘தூக்கம் வரும்ப்பா, மெஷின் பக்கம் போகாதே.’

“இதை வீட்ல சொன்னீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“இல்லீங்க மேடம். இவ எங்க மெஷின் ஓட்டப்போறான்னு...”

மெஷின் முன்னால் நிற்கிற ஓர் ஆம்பிளையே தூங்கி விழுவான் என்கிற மருந்து! அது தாய்ப்பால் வழியாக, உள்ளங்கை அகலம்கூட இல்லாத வயிற்றுக்குப் போயிருக்கிறது. அதுவும் அக்கறையினால். அன்வர் கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

மருந்தை அப்போதே நிறுத்தச் சொன்ன டாக்டரம்மா, குழந்தையைத் தன் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு வேளை போயிருந்தால் மூச்சே மந்தமாகியிருக்கலாம் என்று அவர் சொன்னதும் அன்வர் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரஹீமா குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் அழுதது பாருங்கள் ஓர் அழுகை! அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ரஹீமாவும் சேர்ந்து அழுதாள். நானும்தான்.

சரி, சளி பிடித்த தாய் என்னதான் செய்வது? எங்கள் தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் ஒரே யோசனைதான் - பாலை நிறுத்து, இல்லேன்னா பிள்ளைக்குச் சளி இறங்கிடும். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். சளி பால் வழியாகப் போகாதாம். தும்மலிலும் கையிலும்தான் போகுமாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தாராளமாகப் பால் கொடு என்றார். ஆவி பிடி, உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளி, சூடாக நிறையக் குடி. ஜுரம் வந்தால், மூச்சு இரைத்தால் நேரில் வா. எந்த மருந்தானாலும் முதலில் ‘நான் பால் கொடுக்கிறேன்’ என்று சொல்லு. அப்புறம்தான் மாத்திரை.

சொல்லு என்கிறார்... எங்கே போய்ச் சொல்வது? நம் வீட்டுப் பெண்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் அல்லவா சொல்வதற்கு! தலைவலியோ சளியோ, கணவர் போய்ச் சொல்கிறார், கணவர் வாங்கி வருகிறார். இந்த அன்வர் ஒரு படி மேலே போய், இருமலையும் அவரே இருமிவிட்டார். நோயாளியைப் பார்க்காமலே வைத்தியம் நடக்கிறது. இதில் நமக்கு ஆச்சரியமும் இல்லை!

மறுநாள் அன்வர் நேராக டிஸ்பென்சரிக்குப் போய், எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தைரியம் வேண்டும். கம்பெனி டாக்டர் ஆடிப்போய்விட்டாராம். பிறகு எழுந்து வந்து வரிசையைப் பார்த்து, “இங்க வேற யாராவது சம்சாரத்துக்காக இருமிட்டு இருக்கீங்களா?” என்று கேட்டாராம்.

அதுவரை லொக்கு லொக்கு என்றிருந்த வரிசை, சட்டென்று அமைதியாகிவிட்டதாம்.