ஒரு முறை இரண்டு குடம்

ஜொவிட்டாவுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, சொந்தமாக ஒரு போர்டு கேம் செய்து பார்க்கும் ஆசை வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே எதற்கும் ஓர் அளவு உண்டு. இதற்கு மேல் போனால் சர்க்கரை, இதற்குக் கீழே போனால் சோகை. குழம்புவதற்கு இடமே கிடையாது.

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஃபராஸ் நடத்தும் விளையாட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். ஃபராஸ் முப்பது வயதுக்காரன். அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடியில் வாரா வாரம் ஆட்களைச் சேர்த்து, வெளிநாட்டிலிருந்து வந்த போர்டு கேம்களை ஆட வைப்பான். அன்று ஜொவிட்டா பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் ஆடு வளர்த்தாள். பாதிக்கு மேல் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவன் டெரன்ஸிடம் கேட்டாள்.

"ஏங்க, நம்ம ஊரு தண்ணி லாரிய வெச்சு யாருமே ஒரு கேம் பண்ணலையா?"

டெரன்ஸ் ஈக்காட்டுத்தாங்கலில் அட்டைப் பெட்டி செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளர். "பண்ணித்தான் பாரேன். அட்டை வேணுன்னா நான் கொண்டாரேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். மறுநாளே கழிவு அட்டையை ஒரு கட்டாகக் கட்டி எடுத்து வந்தார்.

அவர்கள் குடியிருந்தது அபிராமபுரத்தில் ஒரு சின்ன அடுக்ககம். அந்தக் கோடையில் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் தண்ணீர் தங்கவில்லை. யார் வீட்டில் வாஷிங் மெஷின் எப்போது ஓடியது என்று மாடிப்படியில் தினமும் ஒரு விசாரணை நடந்தது. ஜொவிட்டா அதை அப்படியே அட்டையில் கொண்டுவந்தாள். நடுவில் சம்ப். அதில் தண்ணீருக்குப் பதிலாக பாண்டி பஜாரில் வாங்கிய நீலப் பாசிமணி. ஒரு மணி என்றால் ஒரு குடம். ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு வீடு. தன் முறை வரும்போது சம்ப்பிலிருந்து வேண்டிய அளவு எடுத்துத் தன் டிரம்மை நிரப்பிக்கொண்டு, ஒரு சீட்டைத் திருப்ப வேண்டும். லாரிச் சீட்டு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. யார் டிரம்மில் அதிகமோ அவர் ஜெயித்தார். அதற்கு முன்பே சம்ப் வற்றிவிட்டால் எல்லோரும் தோற்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதலில் கீழ்வீட்டு சண்முகசுந்தரத்தையும் அவர் மனைவி ஜெயபாரதியையும் கூப்பிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் அவர். நாலு பேரும் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு சுற்று வருவதற்குள் சம்ப் காலி. சண்முகசுந்தரம் கைநிறைய மணியை அள்ளிவைத்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சி, எல்லாரும் தோத்துட்டோம்" என்றாள் ஜொவிட்டா.

"அது எப்படிம்மா? என் டிரம்முல்லா நெறஞ்சிருக்கு."

சரி, ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று, ஒரு முறைக்கு இரண்டு குடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என வைத்தாள். அந்த விதியோடு அடுத்து ஆடியது சாந்தோம் கோயில் பாடகர் குழுப் பெண்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு குடம்தான் எடுத்தார்கள். ஒருத்தி தன் பங்கை எடுக்காமலேயே, "பரவால்ல, இவங்களுக்குப் பேத்தி வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டுக்கு விட்டுக்கொடுத்தாள். லாரி வந்தபோது ஏறக்குறைய எல்லோருக்கும் சமமாக இருந்தது. யாரும் ஜெயிக்கவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை. பேச்சு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ திரும்பிவிட்டது.

ஜொவிட்டாவுக்குத் தலை சுற்றியது. பேராசைக்காரர்கள் ஆடினால் ஆட்டம் தொடங்குவதற்குள் செத்துப்போகிறது. நல்லவர்கள் ஆடினால் ஆட்டமே இல்லை. அவள் விதிகளைக் கூட்டினாள். விருந்தாளிச் சீட்டு, கரண்ட் கட் சீட்டு, சம்ப்பைக் கழுவும் நாள், திருட்டு மோட்டார். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று இடித்தது. "கரண்ட் இல்லாதப்ப திருட்டு மோட்டார் மட்டும் எப்படி ஓடும்?" என்று டெரன்ஸ் கேட்டார். அவள் காலையில் ஒரு பதிலும் சாயங்காலம் வேறொரு பதிலும் சொன்னாள். இரண்டுமே சரியாகத்தான் பட்டன.

ஃபராஸிடம் போய்ப் புலம்பினாள்.

"அக்கா, அப்புறமா சேர்த்த சீட்டையெல்லாம் தூக்கிப் போடுங்க. மொதல்ல இருந்ததையும் அந்த ரெண்டு குடத்தையும் மட்டும் ஒரு பக்கத்துல எழுதிக் கொண்டாங்க. தெரியாதவங்க நாலு பேர் அதப் படிச்சுட்டு ஆடட்டும். நீங்க பக்கத்துல உக்காருங்க, ஆனா வாயத் திறக்கக் கூடாது."

"சந்தேகம் கேட்டா?"

"அப்பவும் திறக்கக் கூடாது. வாங்குறவங்க வீட்டுக்குப் பெட்டிக்குள்ள நீங்களும் போக முடியாது இல்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேஜையைச் சுற்றி முன்பின் தெரியாத நாலு பேர். தாரணி என்ற கல்லூரிப் பெண் விதித்தாளை உரக்கப் படித்தாள். "ஒருவர் ஒரு முறை இரண்டு குடம் எடுக்கலாம்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப எப்பவும் ஒண்ணுதான். ஆட்டம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு தடவ மட்டும் ரெண்டு எடுக்கலாம். அதானே?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

முறைக்கு முறை இரண்டு எடுக்கலாம் என்றுதான் ஜொவிட்டா எழுதியிருந்தாள். அவள் கண்ணுக்கு அந்த வரி இப்போதும் அப்படித்தான் பட்டது. ஃபராஸைப் பார்த்தாள். அவன் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தான்.

ஆட்டம் வேறு மாதிரி போயிற்று. யாரும் தங்கள் இரட்டைக் குடத்தைச் சீக்கிரம் செலவழிக்கவில்லை. ரொம்பவும் காத்திருந்தால் லாரி வந்து ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் சம்ப் நன்றாக இறங்கிய பிறகு எடுத்தால், அடுத்தவர் தன் இரட்டையை எடுக்கப் பயப்படுவார். எடுத்தால் சம்ப் வற்றி எல்லோருக்கும் நாசம். பேச்சு குறைந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். தாரணி இரண்டு மணிகளைத் தொட்டு, ஒன்றை விட்டு, மறுபடி தொட்டாள். எதிரே இருந்தவன், "வேணாம் தாரணி, வேணாம்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னான். அவள் எடுத்துவிட்டாள். அடுத்த சீட்டு லாரி. மேஜையே ஒரு பெருமூச்சு விட்டது. "இன்னொரு ஆட்டம்" என்று, கெஞ்சியவனே சீட்டைக் கலைக்கத் தொடங்கினான்.

ஜொவிட்டாவால் அதற்கு மேல் முடியவில்லை. "தப்பா ஆடிட்டீங்க" என்றாள்.

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். "எங்க தப்பு ஆன்ட்டி?" என்றாள் தாரணி.

அவள் அந்த வரியை விளக்கினாள். தாரணி தாளை மறுபடி படித்துவிட்டு, "ஓ, இப்படியும் படிக்கலாம்ல" என்றாள். ஜொவிட்டா சொன்னபடி ஆடிப் பார்த்தார்கள். பாதியிலேயே ஒருவன் போனை எடுத்துவிட்டான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவள் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு மயிலாப்பூர் குளத்தருகே இறங்கினாள். சந்தோஷப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியவில்லை. இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்ததெல்லாம் உதவாமல், அரைகுறையாக எழுதிய ஒரு வரி ஆட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

"அப்ப அது யார் செஞ்ச கேம்?" என்று வீட்டுக்கு வந்ததும் டெரன்ஸிடம் கேட்டாள்.

"எழுதினது நீதான?"

"நான் எழுதினத யாரும் ஆடலையே."

டெரன்ஸ் தட்டை எடுத்து வைத்தார். "எனக்குத் தெரியல ஜோ. சாப்பிட வா."

அட்டையையும் மணிகளையும் ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். கட்டிலுக்கடியில் பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் பெட்டியில் இடிக்கும். அதைத் தள்ளிவிட்டுப் பெருக்குவாள்.

பள்ளி விடுமுறையில் ஜெயபாரதி மேலே வந்தாள். "ஊர்லேருந்து நாத்தனார் பிள்ளைகள்லாம் வந்திருக்காவ. அந்தத் தண்ணி வெளையாட்டத் தாயேன்."

ஜொவிட்டா பெட்டியை இழுத்தாள். எந்த விதியை எழுதித் தருவது என்று நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். ஜெயபாரதி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி அவசரப்படுத்தினாள். கடைசியில், "எப்போதும் ஒரு குடம். ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை மட்டும் இரண்டு" என்று எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது யாரோ சொல்வதைப் பார்த்து எழுதுவது போல இருந்தது.

அன்று மத்தியானம் முழுவதும் கீழ்வீட்டிலிருந்து சத்தம் வந்தது. சண்முகசுந்தரத்தின் குரலும் அதில் இருந்தது. அவர் கடைக்குப் போகவில்லை.

அதன் பிறகு டெரன்ஸ் பட்டறையில் சில பெட்டிகள் செய்துகொண்டு வந்தார். பாடகர் குழுப் பெண்களுக்கு ஒன்று போயிற்று. புது விதியில் அவர்களுக்குள் முதல் முறையாகச் சின்ன மனத்தாங்கல் வந்ததாகக் கேள்விப்பட்டு ஜொவிட்டா பயந்துபோனாள். ஆனால் அவர்கள் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. ஃபராஸின் மேஜையிலும் ஒன்று நிரந்தரமாக இருந்தது. "அடுத்தது என்னக்கா?" என்று அவன் கேட்டான். அவள் தெரியாது என்றாள். நிஜமாகவே தெரியவில்லை.

ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தில் இருந்தபோது போன் வந்தது. கொட்டிவாக்கத்திலிருந்து அனுப்ரியா என்று ஒரு பெண். ஃபராஸிடம் பெட்டி வாங்கினாளாம்.

"மேடம், ஒரு சந்தேகம். என்னோட ரெட்டைக் குடத்த நான் இன்னொருத்தருக்குக் குடுத்துடலாமா? இங்க ஒரே சண்டையா இருக்கு."

பின்னால் நிஜமாகவே நாலைந்து குரல்கள் கேட்டன. ஜொவிட்டா இதை யோசித்ததே இல்லை. கையில் ரத்தம் எடுத்த டியூப், வாசலில் அடுத்த ஆள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

"குடுத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா குடுக்கிறவங்க பாவம்."

"அப்ப குடுக்கலாம்" என்றாள் ஜொவிட்டா. உடனே, "இல்ல, இருங்க" என்றாள்.

அதற்குள் அந்தப் பக்கம், "குடுக்கலாமாம்!" என்று ஒரு கூச்சல் எழுந்து போன் துண்டிக்கப்பட்டது. அவள் திருப்பி அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை; ஆடிக்கொண்டிருப்பார்கள். சரியாகத்தான் சொன்னோமா என்று யோசித்தபடி, அடுத்தவரின் கையை நீட்டச் சொன்னாள்.