சின்னம்மா நின்ற இடங்கள்

தேயிலைச் செடிகளுக்கு நடுவே, என் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சின்னம்மா நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. "இங்கதான்" என்றார். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். நாலடி நடந்ததும் திரும்பிப் பார்த்து, "இல்லலா, அங்கயா இருக்கும்" என்றார்.

என் அம்மாவின் தங்கை அவர். தலைச்சன் பிள்ளை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. சித்தப்பாதான் துணியில் சுற்றி எடுத்துப்போய் அந்தச் சரிவில் புதைத்துவிட்டு வந்தார். பெண்கள் அங்கே போகும் வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. பிற்பாடு ஒருநாள் கொழுந்து பறிக்கப் போகையில், "அந்த மரத்தண்ட" என்று தூரத்திலிருந்து கை காட்டினாராம். மரத்தை வெட்டிவிட்டார்கள், சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். கல் நட்டவர் யாருமில்லை.

கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்தச் சரிவில் மறுநடவு செய்யப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மேனேஜர் நல்ல மனிதர். இடத்தை வரைபடத்தில் காட்டினால் இயந்திரத்தை அங்கே விடமாட்டேன் என்றார். வரைபடம் போடுவது என் பிழைப்பு. ஒரு புள்ளியைக் கொடுத்து, அதைச் சுற்றி இவ்வளவு தூரம் என்று பைத்தான் நிரலில் ஒரு வரி எழுதினால் வட்டம் விழுந்துவிடும். அந்த ஒரு புள்ளிக்குத்தான் பஞ்சம்.

அவர் நின்ற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து, தோட்டத்து லயன் வீட்டிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். தூரம் ஐந்து என்று எழுதினேன். மீட்டருக்கு மாற்ற மறந்துவிட்டேன். கணினி அதை ஐந்து பாகை, அதாவது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், என்று எடுத்துக்கொண்டு பகாங், பேராக் மாநிலங்களையும் கடலையும் சேர்த்து விழுங்கியது. எட்டிப் பார்த்த சின்னம்மா, "என்னாம்மா இது, நாடு பூரா எம்புள்ள எடமா?" என்று சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணி அழுகையாகிவிட்டது. "எங்க நின்னாலும் இங்கதான்னு தோணுதுலா, நான் என்னா செய்ய?"

எனக்கும் தாங்கவில்லை. திருத்தி எழுதினேன். எந்தப் புள்ளியையும் கழிக்கவில்லை. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு, ஒன்றோடொன்று இடித்த வட்டங்களை ஒரே வடிவமாகச் சேர்த்தேன். கை தவறி ஊற்றிய தோசை மாதிரி இருந்தது. மேனேஜர் ஒன்றும் கேட்காமல் அதன்படியே எல்லைக் குச்சி நடச் சொன்னார்.

மறுநடவு முடிந்து சரிவெங்கும் இளஞ்செடிகள் வந்துவிட்டன. அந்தத் திட்டில் மட்டும் கவாத்து வெட்டுப் படாத தேயிலை ஆளுயரத்துக்கு மரமாகி நின்றது. சின்னம்மா வெள்ளிக்கிழமைகளில் போவார். ஓரத்திலேயே பாலை ஊற்றிவிட்டுச் சுற்றி வருவார்.

"உள்ள போங்களேன் சின்னம்மா" என்றேன் ஒருமுறை.

"எங்க கால வெக்கிறது? அவன் மேலயே மிதிச்சிட்டா?" என்றார்.

போன மாதம் அவரும் போய்விட்டார். இப்போதெல்லாம் பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்று யாரும் தடுப்பதில்லை. நான் கூடவே போனேன். கடைசிப் பிடி மண் விழும்வரை நின்றேன். இருட்டிலும் அவரிடம் போய் நிற்க என்னால் முடியும். ஒரு தாய்க்கு அந்தக் கொடுப்பினை கடைசிவரை கிடைக்கவில்லை.